இரண்டு உலகப் போர்களும் ஒரு சலூன் நாற்காலியும்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஓர் ஆண்டு மலரின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "உலகப் போர்கள் ஒரு நாட்டோட பொருளாதாரத்தையும் சமூகத்தையும் எப்படி மாத்துச்சு, அதப் பத்தி ஒரு கட்டுரை வேணும் மேடம். ரொம்ப கனமா வேண்டாம். அதுக்காக லேசாவும் இருந்துடக் கூடாது" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வராது. சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து கையைப் பிசைந்தேன்.

தொடக்கம் ஒன்று: "போர் என்பது மனித குலத்தின்" — இங்கேயே நிறுத்திவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் எந்தக் கட்டுரையையும் நானே இரண்டாவது வரிக்குமேல் படித்ததில்லை. மற்றவர்களைப் படிக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

தொடக்கம் இரண்டு: "உற்பத்தி, விநியோகம், நுகர்வு ஆகிய மூன்று நிலைகளிலும் இரு பெரும் போர்கள் ஏற்படுத்திய" — ஏற்படுத்தியதோடு சரி. என்ன ஏற்படுத்தின என்று எழுதுவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

எழுத வராதபோது எனக்குத் தலை நரைத்திருப்பது கண்ணில் படும். என் நாத்தனார் ஓர் அழகு நிலையம் நடத்துகிறாள். சொந்தக்காரி என்பதற்காக முன்னால் விடமாட்டாள், எல்லோரோடும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அன்றும் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடைசி யாரு?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் யாருக்கும் சீட்டுக் கொடுக்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு நொடியில் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டோம்.

தூக்கிய கையை இறக்குவதற்குள் கதை வந்துவிட்டது. முழுக்கவும் வரவில்லை. ஒரு வரிசை, ஒரு சலூன், வெளியே தாடியோடு ஒரு ஆள். மிச்சத்தை நானும் நாத்தனாரும் சண்டை போட்டுக்கொண்டு செய்தோம்.

2

கதைக்கு முன்னால் கொஞ்சம் கட்டுரை. ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதல்லவா?

தாடியோடு நிற்கப்போகிற அந்த ஆள் முடி வெட்டுகிறவன். அவனுடைய அப்பாவும் அதே தொழில்தான். அப்பாவின் காலத்தில், முதல் உலகப் போருக்கு முன்னால், சலூன் என்றால் முதலில் சவரம்தான். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் தினம் காலையில் வந்து நாற்காலியில் சாய்ந்து முகத்தைக் கொடுத்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். முடி வெட்டுவது எப்போதாவது.

அப்புறம் போர் வந்தது. போரில் விஷப்புகை வந்தது. விஷப்புகைக்கு முகமூடி வந்தது. தாடி வைத்த முகத்தில் முகமூடி பதிந்து உட்காராது, இடுக்கு வழியாகப் புகை உள்ளே போய்விடும். ஆகவே சிப்பாய்கள் தினமும் சவரம் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டு, ஆளுக்கொரு சின்ன சவர ரேசரையும் கையில் கொடுத்தார்கள்.* முகத்தைக் கீறாத ரேசர். குழந்தைகூடப் பிடிக்கலாம்.

(* போர்களில் கண்டுபிடித்த பொருள்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரேசரை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவை எதுவும் என் ஆளின் கடைக்குள் நுழையவில்லை.)

போர் முடிந்து உயிரோடு வந்தவர்கள் எல்லோரும் தங்கள் முகத்தைத் தாங்களே மழித்துக்கொள்ளத் தெரிந்தவர்களாக வந்தார்கள். அப்பாவின் கடையில் காலை நேரம் ஈ ஓட்டும் நேரமாகிவிட்டது. யாரோ ஒரு தளபதி எங்கேயோ உட்கார்ந்து போட்ட கையெழுத்து இந்தக் கடைக்குள் வந்து தொழிலில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அப்பா கொஞ்ச நாள் திட்டினார். அப்புறம் கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு நாற்காலி வாங்கினார். இரும்புப் பாதம், வெள்ளைப் பீங்கான் கைப்பிடி, பக்கவாட்டில் ஏற்றி இறக்க ஒரு நெம்புகோல். மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மூஞ்சி போச்சுடா. இனிமே பின்னந்தலைதான் நமக்குச் சோறு போடும். எவ்ளோ பெரிய மனுஷனா இருந்தாலும் அவன் பின்னந்தலைய அவனே பாத்து வெட்டிக்க முடியாது."

பின்னந்தலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குத் தேவைப்படும்.

3

மகன் வளர்ந்தான், அப்பாவின் கைப்பழக்கம் அப்படியே வந்தது, கல்யாணமும் ஆயிற்று. அவன் தலையில் இரட்டைச் சுழி. கல்யாணத்தன்று பெண்ணின் அத்தைகள் மாப்பிள்ளையின் தலையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? "ரெட்டைச் சுழிடியம்மா, இவருக்கு ரெண்டு கல்யாணம் நிச்சயம்" என்று மண்டபமே கேட்கும்படி சிரித்தார்கள். கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஆனால் பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும் கேட்கும்படி, "ரெண்டாவதும் நானாத்தான் இருக்கணும், சொல்லிட்டேன்" என்றாள். அவனுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பெயர் வைக்கலாமா என்று பார்த்தேன். ஊரே பிற்பாடு அவளைச் 'சலூன்காரம்மா' என்று கூப்பிடப்போகிறது. அதுவே போதும்.)

இரண்டாம் போரில் அவனைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கடை பூட்டப்பட்டது. ஊருக்கு வெளியே இருந்த டிரங்குப்பெட்டித் தொழிற்சாலை ஒரே மாதத்தில் பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலை ஆயிற்று. ஆண்கள் இல்லாததால் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அதுவரை வீட்டு வாசலைத் தாண்ட ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போனார்கள். கடைவீதியில் அவர்கள் கையில் சம்பளம் புழங்கியது. இதைத்தான் என் கட்டுரை "மகளிரின் பொருளாதாரப் பங்கேற்பு" என்று குறிப்பிட இருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் இயந்திரங்களை ஓட்டுவது தோல்பட்டை. சுற்றும் பட்டையில் ஒரு பெண்ணின் பின்னல் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, பக்கத்தில் நின்றவள் பின்னலைக் கத்தியால் அறுத்துவிட்டாள், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே உத்தரவு: எல்லோரும் கழுத்தோடு முடியை வெட்டிக்கொண்டு வர வேண்டும். எங்கே போய் வெட்டிக்கொள்வது? ஊரில் இருந்ததோ ஆண்கள் சலூன், அதுவும் பூட்டிக் கிடந்தது. பின்னலை அறுத்தவள்தான் முதலில் வந்து பின்கதவைத் தட்டினாள். அவளை இனிமேல் 'ஷிஃப்ட்டுக்காரி' என்று சொல்லப்போகிறேன். "உங்க வீட்டுல கத்தரி இருக்குல்ல? நீங்களே வெட்டி விடுங்க" என்றாள்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கீழே விழுந்த முடியைப் பெருக்கியது தவிர வேறு பழக்கம் இல்லாத ஒருத்தி எப்படி முடி வெட்டுவாள்? நாத்தனாரிடம் கேட்டேன்.

"முதல்ல கொஞ்சம் தலை பாழாத்தான் போகும், அண்ணி. அப்புறம் கை பழகிடும். என் முதல் தலை யாரோடதுன்னு நினைக்கிறீங்க? உங்க கல்யாண ஆல்பத்தப் பாருங்க."

அந்த ஆல்பத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

ஆகவே சலூன்காரம்மாவுக்குக் கை பழகியது. நாற்காலி மறுபடி சுழன்றது. தொழிற்சாலைப் பெண்கள் வந்தார்கள். பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள், வெட்டிய முடி நன்றாக இருக்கிறதே என்று. கடைசியில் ஊரில் மிச்சமிருந்த ஆண்களும் வந்தார்கள், ஒரு பொம்பளை கையில் தலையைக் கொடுக்கிறோமே என்று முதல் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு. அப்பா காலத்துப் பித்தளைக் கிண்ணம் உலோகம் சேகரிக்க வந்தவர்களிடம் போயிற்று. குண்டு விழுந்தால் சிதறாமல் இருக்க, கடையின் கண்ணாடி ஜன்னலிலும் சுவர்க் கண்ணாடியிலும் பட்டை பட்டையாகக் காகிதம் ஒட்டினாள். சோப்பு கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

4

இனி அவன் வருகிறான்.

போர் முடிந்து மாதங்கள் ஆகியும் அவன் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் வீடு திரும்புவதற்கும் வரிசை. கப்பலுக்கு வரிசை, ரயிலுக்கு வரிசை. பட்டாளத்தில் அவன் செய்த வேலையும் முடி வெட்டுவதுதான். கை மெஷினால் ஒரே ஒட்ட வெட்டு. ஒருவனை உட்காரவைத்து மெஷினை நெற்றியிலிருந்து பிடரிவரை ஓட்டு, அடுத்தவனைக் கூப்பிடு. தலைக்குத் தலை வித்தியாசம் பார்க்க நேரம் இல்லை. இரவு படுக்கும்போது கூடாரத்துக்காரர்களிடம் தன் நாற்காலியைப் பற்றிச் சொல்வான். பீங்கான் கைப்பிடி எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும், நெம்புகோலை அழுத்தினால் எப்படிச் சத்தமில்லாமல் இறங்கும். "போர் முடியட்டும், ஒவ்வொருத்தனையா உக்கார வச்சு ஆற அமர வெட்டி விடறேன்" என்பான். அந்த நாற்காலிதான் அவனுக்கு ஊர். அதை இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அவன் அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்கத் துடித்துக்கொண்டு வந்த தியாகி இல்லை.

ரயிலிலிருந்து இறங்கியபோது முகத்தில் பல நாள் தாடி. தலை காடு. முடி வெட்டுகிறவன் இந்தக் கோலத்தில் பெண்டாட்டி முன்னால் போய் நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. எங்கேயாவது முகத்தைத் திருத்திக்கொண்டு போகலாம் என்றால், அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரே சலூன் அவனுடையதுதான்.

தெரு திரும்பியதும் திகைத்துப்போனான். தன் கடை வாசலில் வரிசை. வரிசையில் பாதிக்குமேல் பெண்கள். அவன் இதுவரை தன் கடை வாசலில் ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை, பெண்டாட்டியைத் தவிர. ஏதோ நடந்துவிட்டது, யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தான். வேகமாக நடந்து கதவுக்குப் போனவனின் பையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"அண்ணே, அண்ணே! எங்க போறீங்க? நாங்கல்லாம் என்ன வேடிக்கையா பாக்க நிக்கிறோம்?"

ஷிஃப்ட்டுக்காரிதான் இழுத்தாள். கழுத்தளவு முடி, கையில் சாப்பாட்டு டப்பா.

"இல்லம்மா, நான் வந்து..."

"வந்தா கடைசிக்குப் போங்க. கடைசி ஆள் யாருன்னு கேளுங்க, அவங்க கை தூக்குவாங்க, அவங்களுக்குப் பின்னால நில்லுங்க. இதுகூடத் தெரியாதா? எந்த ஊரு நீங்க?"

எந்த ஊர் என்ற கேள்விக்கு அவன் பேந்தப் பேந்த விழித்தான். 'இந்த ஊர்தான். இந்தக் கடைதான்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று நானும் வெகுநேரம் யோசித்தேன். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய உடம்பு, 'பின்னால் போ' என்றதும் தானாகப் பின்னால் போய்விட்டது என்று எழுதி வைத்திருக்கிறேன். அது பாதி உண்மை. மீதி, அவனுக்குப் பயமாக இருந்தது. உள்ளே தெரிந்த நிழல் கத்தரியைப் பிடித்திருந்த விதம் அவனுக்குத் தெரியாத விதம்.

"கடைசி ஆள் யாரு?" என்று கேட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக.

யாரும் கை தூக்குவதற்குள், கதவுக்குப் பக்கத்தில் ஷிஃப்ட்டுக்காரிக்கு முன்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டினார். தலையில் ஒரு முடி இல்லை. சுத்தமான வழுக்கை.

"அவசரமா தம்பி? என் இடத்த எடுத்துக்க. ஒரு சோப்பு குடு போதும்."

இவர் 'இடம்பிடி மாமா'. எந்த வரிசையானாலும் விடியும்போதே போய் நின்றுவிடுவார், ரொட்டியோ மண்ணெண்ணெயோ சலூனோ அவருக்கு ஒன்றுதான். அவசரக்காரர்களுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி வால் பக்கம் போய் நிற்பார். பஞ்சம் ஏற்படுத்திக்கொடுத்த உத்தியோகம். போர் முடிந்ததில் ஊரிலேயே கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். (மாமாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். "பற்றாக்குறையிலிருந்து பிறக்கும் சேவைத் துறை" — வேண்டாம், மறுபடி கொட்டாவி வருகிறது.)

அவன் பையிலிருந்து பட்டாளத்துச் சோப்புக் கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஷிஃப்ட்டுக்காரி முணுமுணுத்தாள், ஆனால் தடுக்கவில்லை. மாமா இடத்தை விற்பது ஊர் ஒத்துக்கொண்ட விஷயம். ஆக, தன் சொந்தக் கடைக்குள் போக, தன் சொந்தப் பெண்டாட்டியைப் பார்க்க, ஒரு சோப்பு லஞ்சம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றான் அவன்.

வரிசை என்றால் பேச்சு.

"கடை பரவாயில்லையா?" என்று பொதுவாகக் கேட்டான். குரல் கட்டியிருந்தது, புகைவண்டிக் கரி.

"பரவாயில்லையாவா? சலூன்காரம்மா கை பட்டா முடி சொன்னபடி கேக்கும்" என்றாள் ஷிஃப்ட்டுக்காரி. "எல்லாம் அவங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும்தான்."

"ஏன், அவரு வந்தா என்ன?"

"என்னவா? வந்தவங்களுக்கு அவங்கவங்க வேலையத் திருப்பிக் குடுக்கணும்னு சர்க்கார்ல சொல்லிட்டாங்க. எங்க தொழிற்சாலையிலயே ஒவ்வொருத்தரா எங்கள அனுப்பிட்டு இருக்காங்க. எனக்கு இது கடைசி வாரம். அந்தாளு வந்தா இவங்க அடுப்படிக்குப் போகணும், கடை பழையபடி ஆம்பளைக் கடை ஆயிடும். நாங்க வாசல்ல நிக்க முடியுமா?"

அவன் தாடியைச் சொறிந்துகொண்டான்.

"அவரு வராம இருக்கட்டும்னு நான் சொல்லல. சொல்வேனா? வரட்டும். கை கால் சுகமா, நல்லபடியா வரட்டும்." ஷிஃப்ட்டுக்காரி டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா மெதுவா வரட்டும்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன், தன் ஊரில் தானே ஒரு கெட்ட செய்தி என்று தெரிந்துகொண்டான்.

"அவரு நல்லா வெட்டுவாரா?" என்று மட்டும் கேட்டான்.

"எனக்கெப்படித் தெரியும்? அப்ப எங்கள உள்ளயே விடலியே."

புழுக்கமாக இருந்தது. தொப்பியைக் கழற்றினான். முதுகைக் கடைப்பக்கம் காட்டியபடி தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

5

இதுவரை எழுதியதை நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன். யாருக்கோ தலையில் சாயம் பூசிக்கொண்டே கேட்டாள். அடுத்த காட்சியையும் வாயாலேயே சொன்னேன்: அவன் நாற்காலியில் உட்காருகிறான், அவள் யாரோ என்று நினைத்து வெட்டுகிறாள், பாதியில் இரட்டைச் சுழி கண்ணில் படுகிறது, கத்தரி கீழே விழுகிறது, கண்ணீர்.

"விழாது" என்றாள் நாத்தனார்.

"ஏன்?"

"ரெண்டு தெரு தள்ளி நடந்து போற தலையப் பாத்தே, அது நான் வெட்டினதா வேற எவளாவது வெட்டினதான்னு சொல்லிடுவேன் அண்ணி. புருஷன் பின்னந்தலை அவளுக்குத் தெரியாதா? அதுவும் வாசல்லயே தொப்பியக் கழட்டிட்டு முதுகு காட்டி நிக்கிறான்."

"கண்ணாடியில காகிதம் ஒட்டியிருக்கே."

"முழுசாவா ஒட்டியிருக்கு? பட்டை பட்டையாத்தானே? நடுவுல தெரியும்ல?"

வசமாக மாட்டிக்கொண்டேன். காகிதத்தை ஒட்டியதே நான்தான்.

"அப்ப ஏன் அவ ஓடி வரல?" என்று கேட்டேன்.

"எழுதுறது நீங்க. நீங்க யோசிங்க" என்று சொல்லிவிட்டுச் சாயத் தலையைக் கழுவப் போய்விட்டாள்.

யோசித்தேன். அவள் பார்த்துவிட்டாள். அவன் தொப்பியைக் கழற்றிய அந்தக் கணமே பார்த்துவிட்டாள். உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கும். ஓடத்தான் நினைத்திருப்பாள். ஆனால் கத்தரிக்குக் கீழே ஒரு தலை பாதியில் இருந்தது. அந்தத் தலையை முடித்தாள். முடித்தபின் அவள் வாய் "அடுத்து" என்றது. அதற்கடுத்தும் "அடுத்து" என்றது. அவன் முறை வருவதற்குள், இது கடையில் தனக்குக் கடைசி நாளா இல்லையா என்று அவள் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. அவளும் உள்ளேயிருந்து அதையேதான் நினைத்திருப்பாள்: வரட்டும், மெதுவாக வரட்டும்.

இது அவனுக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

6

"அடுத்து."

அவன் உள்ளே போனான். நாற்காலியில் உட்கார்ந்தான். பீங்கான் கைப்பிடி நினைத்திருந்தது போலவே குளிர்ந்திருந்தது. இந்த நாற்காலியில் வாடிக்கையாளனாக அவன் உட்கார்ந்ததே கிடையாது. இங்கிருந்து பார்த்தால் கடை வேறு மாதிரி இருந்தது. எதிரே கண்ணாடியில் காகிதப் பட்டைகளுக்கு நடுவே அவன் தாடி கொஞ்சம், அவள் தோள் கொஞ்சம், ஒரு கண். அவள் கழுத்தில் துணியைக் கட்டினாள். தலையைப் பிடித்து லேசாக முன்னால் சாய்த்தாள். சீப்பு வகிடு எடுத்தது. கத்தரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது, அவசரமில்லாமல்.

நல்ல கை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன்னுடையதைவிட நல்ல கையோ என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பை விரட்டினான். பெருமையும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்று அவன் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அவள் குரல் தணிவாகக் கேட்டது.

"ஒரு முழு சோப்ப அநியாயமா அந்த மாமாகிட்டக் குடுத்துட்டீங்களே. இங்க சோப்பு என்ன பாடு படுதுன்னு தெரியுமா?"

அவன் விருட்டென்று திரும்பப் பார்த்தான்.

"ஆடாதீங்க. காது போயிடும்."

"எப்ப பாத்த?"

"சோப்பு கைமாறினப்ப யாரோன்னு நினைச்சேன். தொப்பியக் கழட்டினீங்களே, அப்பத் தெரிஞ்சுது." கத்தரி நிற்கவில்லை. ஆனால் பின்கழுத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. அவள் அதைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த பக்கம் போனாள். "சுழி ரெண்டும் அப்படியேதான் இருக்கு."

"ரெண்டாவது கல்யாணம் இன்னும் பாக்கி இருக்கே."

"அதுக்கும் வரிசையிலதான் வரணும்."

அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். காது போனாலும் போகட்டும் என்று சிரித்தான். அவளும் சிரித்தாள், அழுதுகொண்டே. வாசலில் நின்ற ஷிஃப்ட்டுக்காரி உள்ளே எட்டிப் பார்த்து, "அங்க என்ன கதை? எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்றாள்.

7

முடி வெட்டி முடிந்தது. தாடியும் போயிற்று. அவள் துணியை அவிழ்த்தாள். அவன் எழுந்தான். காலையிலிருந்து கையை விட்டு இறங்காத கத்தரியை அவள் மேஜைமேல் வைத்தாள்.

"உங்க நாற்காலி" என்றாள். "சட்டமும் அதத்தான் சொல்லுது."

குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் கத்தரியைப் பார்த்தான். கை அரித்தது. அவளும் கத்தரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் நான் பல தடவை மாட்டிக்கொண்டேன்.

முடிவு அ: அவன் கத்தரியை எடுத்துக்கொள்கிறான், அவள் அடுப்படிக்குப் போகிறாள். உலகத்தில் எத்தனையோ வீடுகளில், எத்தனையோ தொழிற்சாலைகளில் நடந்தது இதுதான். என் கட்டுரைக் குறிப்புகளும் இதைத்தான் சொல்கின்றன. எழுதிப் பார்த்தேன். நாத்தனார் படித்துவிட்டு எனக்குத் தலைவார மறுத்துவிட்டாள்.

முடிவு ஆ: அவன் பெருந்தன்மையோடு தொழிலையே அவளிடம் விட்டுவிட்டு, வேறு வேலை தேடி — இல்லை. கூடாரத்தில் படுத்துக்கொண்டு அவன் கனவு கண்ட நாற்காலியை என் வசதிக்காகப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இ: இன்னொரு நாற்காலி வாங்கினார்கள், சுபம். ஆசிரியருக்கு இது பிடிக்கும். ஆனால் ஊரில் இருந்த இரும்பெல்லாம் குண்டாகி எங்கேயோ போய் வெடித்துவிட்டது. இப்போதைக்கு நாற்காலி ஒன்றுதான்.

ஆகவே முடிவைக் கைவிட்டேன். பேனாவை வைத்துவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தேன். அவன் கத்தரியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.

"வெளிய நிக்கிறவங்கல்லாம் உன்னை நம்பி வந்தவங்க. அவங்களுக்கு நீதான் வெட்டணும். அவங்களுக்கப்புறம் வர்ற தலை என்னுது."

"கூட்டம் பெருசு. முடிய ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும். மெதுவா வரச் சொல்லி எனக்கு உத்தரவு" என்றான். ஷிஃப்ட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சாப்பாட்டு டப்பாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உள்ள வாம்மா, நேரமாச்சுன்ன இல்ல?" என்று அவளுக்கு வழிவிட்டுவிட்டு அவன் வெளியே வந்தான். வரிசை நெடுக நடந்தான். வால் பக்கம் போய், இந்தத் தடவை சத்தமாகக் கேட்டான்:

"கடைசி ஆள் யாரு?"

இடம்பிடி மாமா கையைத் தூக்கினார். சோப்புக் கட்டி சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. அவன் மாமாவின் வழுக்கையைப் பார்த்தான். தன் பெண்டாட்டி வெட்டவேண்டிய கடைசித் தலையில் வெட்ட ஒன்றுமே இல்லை என்று கண்டுகொண்டு சந்தோஷப்பட்டான். அவருக்குப் பின்னால் நின்றான். புதிதாக வெட்டிய பிடரியில் வெயில் சுகமாக இருந்தது. முன்னால் நிற்பவர்கள் எல்லாம் அவளுடைய தலைகள். பின்னால் வரப்போகிறவை அவனுடையவை. அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். இன்னும் கொஞ்சம் வரவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அவனுக்குப் பின்னால் இப்போதைக்கு யாரும் இல்லை.

இவ்வளவு நேரம் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே, நீங்கள் வாருங்கள். உங்களுக்கும் முடி வளர்ந்துதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கை வருஷக்கணக்கில் ஒட்ட வெட்டைத் தவிர வேறெதுவும் வெட்டவில்லை. பாழானாலும் ஆகலாம். நீங்கள் திரும்பிப் போனால் அவனுக்குத் தொழில் இல்லை. நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். கடைசி ஆள் யார் என்று கேட்க வேண்டியது நீங்கள்தான்.

அவன் கையைத் தூக்கத் தயாராக நிற்கிறான்.